ஓடைப்பாலத்தில் மணி அடிக்காதது குறித்து

பெயர்: பாக்கியநாதன், தகப்பனார் பெயர் அருள்சாமி. வயது 67. ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர். இருப்பிடம்: மஞ்சக்குட்டை, ஏற்காடு. நாள்: 19.8.1996.

நான் மேற்சொன்ன ஊரில் என் மனைவி இன்பமேரியுடன் குடியிருந்து வருகிறேன். ஓய்வுக்குப் பின் ஊருக்கு மேலேயுள்ள காப்பி எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகப் போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எஸ்டேட் ஏரியின் மதகைத் திறந்தால் தண்ணீர் ஓடை வழியாக இறங்கி, ஊர் ஜனங்கள் நடக்கும் தரைப்பாலத்தின் மேல் பாயும். ஆகவே திறக்கும் முன் பாலத்துக் காவலாளி சித்தனுக்குத் தகவல் சொல்ல வேண்டும். முன்பு ஆள் ஓடிப்போய்ச் சொல்வது வழக்கம். சென்ற வருடம் முதலாளி ஒரு ஜோடி வயர்லெஸ் பெட்டிகள் வாங்கினார். ஒன்றை ஆபீஸ் கம்ப்யூட்டருடன் வயரால் இணைத்தார்கள். மற்றதைச் சித்தனின் கொட்டகையில் ஒரு மணியோடு மாட்டினார்கள். நான் கம்ப்யூட்டரில் ஒரு சொல்லைத் தட்டினால் கீழே மணி அடிக்கும். சித்தன் சங்கிலியை இழுத்துப் பாலத்தை அடைப்பார். கீழிருந்து பதில் வர ஏற்பாடு கிடையாது.

ஆபீஸ் பெட்டியில் இரண்டு சிறு சுவிட்சுகள் உண்டு. இரண்டும் கீழே இருந்தால் பெட்டி வேலை நிலையில் இருக்கும். தட்டிய சொல் வெளியே போகும். இரண்டும் மேலே இருந்தால் செட்டிங் நிலை. அப்போது பெட்டி கம்ப்யூட்டருடன் மட்டும் பேசும். அலைவரிசை எண்ணைப் பார்க்கலாம், மாற்றலாம், வெளியே எதுவும் போகாது. படித்தவன் என்பதால் பெட்டியைப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை காலை நான் செட்டிங் நிலைக்கு மாற்றி, எண்ணைப் பார்த்துவிட்டு, சுவிட்சுகளைக் கீழே இறக்கினேன். சிறிது நேரத்தில் சரியாகத்தான் பார்த்தேனா என்று சந்தேகம் வந்து, மீண்டும் மேலே தள்ளிப் பார்த்தேன். எண் சரியாகவே இருந்தது. அப்போது ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டர் கிறிஸ்துதாஸ், "ஏனுங்க சார், பொட்டிக்குக் காய்ச்சலுங்களா? இத்தன வாட்டி நாடி புடிச்சுப் பாக்கறீங்க?" என்றார். வேலைக்குப் பெயர் கொடுக்க வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் கூச்சப்பட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். சுவிட்சுகளை இறக்கவில்லை.

அதன் பின்னர் மழை வலுத்து ஏரி நிரம்பி, மதகைத் திறக்க வேண்டும் என்று ஆள் வந்து சொன்னதன் பேரில், நான் சொல்லைத் தட்டினேன். எழுத்துகள் வழக்கம்போலத் திரையில் தெரிந்தன. பெட்டியை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கிறிஸ்துதாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. "மணி அடிச்சாச்சு, தொறக்கச் சொல்லுங்க" என்றேன். திறந்தார்கள்.

அதன் பின்னர் கீழே கூச்சல் கேட்டது. புல்லுக்கட்டுடன் பாலத்தைக் கடந்த காமாட்சி என்பவரைத் தண்ணீர் அடித்துப் போய்ப் பாறையில் மோதியது. அவர் சேலம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்; இன்னும் நினைவு வரவில்லை. எல்லோரும் கீழே ஓடியபோது நான் மட்டும் ஆபீசில் இருந்தேன். பெட்டியைப் பார்த்தேன். சுவிட்சுகள் இரண்டும் மேலே இருந்தன. அவற்றைக் கீழே இறக்கினேன். பதற்றத்தில் இறக்கியதாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. யாராவது வருகிறார்களா என்று கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் இறக்கினேன்.

அதன் பின்னர் போலீசார் வந்து மணியைச் சோதிக்கச் சொன்னார்கள். நான் தட்டினேன். கீழே மணி நன்றாக அடித்தது. "மணி கணீர்னு அடிக்குது. இவன் குடிச்சுட்டுத் தூங்கியிருப்பான்" என்று கிறிஸ்துதாஸ் சொன்னார். நான் மறுக்கவில்லை. சித்தனை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீடு திரும்பியபோது சித்தனின் மனைவி ராசாத்தி வாசலில் நின்றிருந்தார். ஒரு பை நிறையப் பேரிக்காய் கொண்டு வந்திருந்தார். "சார், எங்கூட்டுக்காரரு தூங்கற ஆளில்லீங்க. எஞ்சொல்லு டேசன்ல எடுபடாது. நீங்க படிச்சவங்க, வந்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். நான் அவருடன் இதே நிலையத்துக்கு வந்து, சித்தன் நல்ல மனிதர் என்று சப்-இன்ஸ்பெக்டர் மாதேஸ்வரன் அவர்களிடம் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

அப்போது லாக்கப்பில் இருந்த சித்தன் என்னைக் கண்டு எழுந்து நின்று, "ஐயா, பொட்டி பொய் சொல்லாதுங்க. நீங்க தட்டியிருந்தா மணி அடிச்சுத்தான் இருக்கும். நாந்தான் கண்ணசந்துட்டேன் போல" என்றார். வெள்ளிக்கிழமையன்று, தூங்கவே இல்லை என்று சாதித்தவர் இப்போது இப்படிச் சொல்வதாகவும், அதையே எழுதி வாங்கித் திங்கட்கிழமை கோர்ட்டுக்கு அனுப்பப் போவதாகவும் சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். நான் வெளியே வந்தேன். ராசாத்தி என்னைக் கும்பிட்டார். இரவு சாப்பாட்டுக்குப் பின் என் மனைவி அந்தப் பேரிக்காய் ஒன்றை நறுக்கிக் கொடுத்தார். நான் தின்றேன்.

இன்று காலை இதைச் சொல்ல வந்தபோது சப்-இன்ஸ்பெக்டர், "சார், உங்களுக்கு எதுலயும் சந்தேகம் வரும்னு உங்க ரைட்டரே சொல்றாரு. சுவிட்சு மேல இருந்துச்சுன்னு நிச்சயமாத் தெரியுங்களா?" என்று கேட்டார். நிச்சயமாகத் தெரியும். என் கையால் இறக்கினேன். சித்தன் விழித்திருந்தாரா என்பதை நான் நேரில் பார்க்கவில்லை. விழித்திருந்தாலும் அவருக்கு மணி கேட்டிருக்காது, மணி அடிக்கவில்லை.

அதன் பின்னர், இதைச் சித்தனிடம் நானே சொல்ல அனுமதி கேட்டு, கம்பிக்கு வெளியே நின்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்படீன்னா நான் முழிச்சுத்தான் இருந்தேனுங்களா, ஐயா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை அது அவருக்கே தெரிந்திருந்தது.

நான் சொன்னவற்றை நிலைய எழுத்தர் எழுதி என்னிடம் வாசித்துக் காட்டினார். கூட்டியோ குறைத்தோ எழுதப்படவில்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) அ. பாக்கியநாதன்