சவரம் செய்த கையில் ஊசியில்லா இன்சுலின்

இந்த மேடையில் உள்ளதை உள்ளபடியே பதிவு செய்யப் போகிறேன் என்ற உறுதியோடு, அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் தலைமையாசிரியை அவர்களே, ஊசியில்லாமல் தோல் வழியே இன்சுலின் செலுத்தும் ஆய்வை நடத்திவரும் டாக்டர் அம்மா அவர்களே, ஆன்றோரே, கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களே, மூன்றாம் வரிசையிலிருந்து 'வேண்டாம்' என்று எனக்குத் தலையாட்டும் என் அப்பாவே, அனைவருக்கும் வணக்கம்.

தோல் என்பது வெறும் போர்வையா? இல்லை, அது வாயிற்காவலன். வெயிலைத் தடுப்பான், வியர்வையை விடுப்பான், வேண்டாததை விரட்டுவான். இன்சுலினோ பருத்த விருந்தாளி. காவலனைத் தாண்டுவது லேசா? அதனால்தான் இத்தனை காலம் ஊசியால் குத்திக்கொண்டு உள்ளே நுழைந்தோம். டாக்டர் அம்மாவின் ஒட்டுப்பட்டையோ காவலனிடம் பக்குவமாகப் பேசி, மருந்தை மெல்ல மெல்ல உள்ளே அனுப்புகிறது.

என் அப்பா முடிதிருத்துபவர், சர்க்கரை நோயாளி. காலை முதல் மாலை வரை பிறர் கழுத்தில் கத்தி வைப்பவர். ஊசியைக் கண்டால் மட்டும் என் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிபவர். சிரிக்காதீர்கள், அவர் பார்க்கிறார். ஆய்வுக்கு ஆள் கேட்டபோது முதலில் கை தூக்கியவரும் அவரே.

இன்று காலை கடையில், பட்டை ஒட்டுமுன் தன் கையில் சோப்பு நுரை தடவினார்.

"என்னப்பா பண்றீங்க?"

"முடி இருந்தா சரியா ஒட்டாதும்மா. மேல ஒரு இழுப்பு, கீழ ஒரு இழுப்பு. நம்ம கடையில அரைகுறை வேலையே கிடையாது."

தோல் சிவக்கச் சிவக்க மழித்துவிட்டு ஒட்டினார். காவலன் காயப்பட்டுக் கிடந்தான். மருந்து மடைதிறந்து பாய்ந்தது, இரத்தத்தில் சர்க்கரை சரிந்தது. சற்று நேரத்தில் அப்பாவுக்கு வியர்த்தது, கை நடுங்கியது. கத்திக்குக் கீழே யார்? நம் தபால்காரர்.

"அண்ணே, கை ஏன் ஆடுது?"

"நீங்கதான் ஆடுறீங்க" என்றபடியே அப்பா தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

அம்மா ஓடிவந்து பட்டையைப் பிய்த்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்தார். தெளிந்ததும் அப்பா சொன்னது இதுதான்: "டாக்டரம்மாகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது. ஆய்வுல இருந்து தூக்கிருவாங்க, அப்புறம் ஊசிதான். நாளைக்கும் ஒட்டத்தான் போறேன்."

தபால்காரர் ஐயா, சாட்சிக்கு எழுந்து நிற்க வேண்டாம். உங்கள் பாதி மீசையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அப்பா, நாளைக் காலை மறுபடியும் சரிந்தால் நாங்கள் என்ன செய்வோம்? உங்களைப் போலவே இன்னொருவர் எங்கோ மழித்துவிட்டு ஒட்டினால், அவர் பக்கத்தில் சர்க்கரைத் தண்ணீரோடு அம்மா இருப்பாரா? பட்டை எங்கே தவறுகிறது என்று சொல்லாமல் மறைத்தால், அதைத் திருத்துவது யார்? ஊசிக்கு அழும் எத்தனை குழந்தைகள் அதற்காகக் காத்திருக்கிறார்கள்? ஊசிக்கு அஞ்சுங்கள், தவறில்லை. உண்மைக்கு அஞ்சலாமா?

இதோ, டாக்டர் அம்மா எழுந்துவிட்டார். "சவரம் பண்ணக்கூடாதுன்னு நாங்க யார்கிட்டயும் சொல்லவே இல்லையே" என்று என் காதோரம் சொன்னது ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டுவிட்டது. இப்போது அப்பாவைப் பார்த்துச் சொல்கிறார்: "உங்கள ஏன் தூக்கப் போறோம்? தோல் ஆறுற வரைக்கும் ஊசி, அப்புறம் பட்டை. மேல வந்து கையக் காட்டுங்க."

"ஊசி பெருசா?" என்கிறார் அப்பா.

பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். அடுத்து டாக்டர் அம்மாவின் படக்காட்சி, விளக்குகளை அணைத்துவிட்டார்கள். இருட்டில் ஒரு செருப்புச் சத்தம் நகர்கிறது. அம்மா, அப்பா ஓடிவிடாமல் வாசலை மறித்துக்கொள்ளுங்கள்... வேண்டாம் அம்மா, மேடைப் படியில்தான் ஏறுகிறது. அப்பாவின் முகம்தான் தெரியவில்லை.