சிவப்பு வால்

காபியில சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போச்சு, மன்னிச்சுக்கோங்க மேடம். என் சம்சாரம் இந்து வீட்டுல இல்ல, குடியாத்தத்துல அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. நான் போட்டா இப்படித்தான் வரும்.

ஞாயித்துக்கிழமையும் பார்க்காம எங்க சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடு வரைக்கும் வந்திருக்கீங்க. ராபர்ட்சன்பேட்டையில அப்பா அம்மாவைப் பார்க்க வந்த சாக்குல வந்தேன்னு சொன்னீங்க. இருக்கட்டும். வந்து உக்காந்ததும் ஒரே கேள்விதான் கேட்டீங்க. "உதய் சார், அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி இந்த ஃப்ளையை வேற யாராவது கட்டியிருக்காங்களா? எங்கயாவது காட்டியிருக்காங்களா? பின்னாடி ஒருத்தன் கிளம்பி வந்தா எல்லாம் போயிடும்." நியாயமான கேள்வி. இல்லைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பேன். ஆனா வக்கீல்கிட்ட சொன்னது வெளிய போகாதுன்னும் நீங்களே சொன்னீங்க. அதனால முழுசாவே சொல்லிடறேன்.

ஃப்ளைன்னா இன்னான்னு உங்களுக்குத் தெரியும். தூண்டில் முள்ளுல இறகும் நூலும் சுத்தி, மீன் ஏமாறுற மாதிரி செய்யற பொய்ப் பூச்சி. அதை நான் கத்துக்கிட்டது ட்ரெயின்ல. ஒயிட்ஃபீல்டுல ஒரு கம்பெனி ஸ்டோர்ஸ்ல எனக்கு வேலை. விடியறதுக்குள்ள சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன்ல ஏறுவேன். ஊரிகத்துல என் சிநேகிதன் சைலஸ் ஏறுவான். அவனும் ஒயிட்ஃபீல்டுதான், வேற கம்பெனி. மத்தவங்க தூங்குவாங்க, சீட்டு ஆடுவாங்க. நாங்க முள்ளைப் பிடிச்சு வைக்கிற சின்ன வைஸ் ஒண்ணை ஜன்னல் கம்பியில மாட்டிக்கிட்டு ஃப்ளை கட்டுவோம். அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்னு அவன் சம்சாரம் ஸ்டெல்லா ஊரெல்லாம் சொல்லுவா. அப்படி இல்ல. ஃபோன்ல வீடியோ பார்த்து ரெண்டு பேரும் சேர்ந்துதான் கத்துக்கிட்டோம். ஃபோன் அவனோடது, அவ்வளவுதான்.

எங்க ட்ரெயின்ல ஒரு வழக்கம் உண்டு மேடம். முதல்ல ஏறினவன் சீட்டுல கர்ச்சீப் போட்டுட்டா அந்த சீட்டு அவனோடது. அவன் கதவுகிட்ட நின்னு பேசிக்கிட்டு இருந்தாலும் ஒருத்தனும் உக்கார மாட்டான். தெரியாத புதுசு எவனாவது உக்காந்தா கம்பார்ட்மென்ட்டே சேர்ந்து எழுப்பும். ஊரிகத்துல ஏறுற சைலஸுக்காக தினமும் ஜன்னல் சீட்டுல என் கர்ச்சீப்பைத்தான் போட்டு வைப்பேன். கட்டற முறை புதுசா இருந்தா பேட்டண்ட், தோற்றம் புதுசா இருந்தா டிசைன், எதுவா இருந்தாலும் முன்னாடி உலகத்துல இருந்திருக்கக் கூடாதுன்னு போன தடவை விளக்கினீங்களே, அப்போ எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கர்ச்சீப்தான். எனக்குச் சட்டுனு புரிஞ்சது.

என் ஃப்ளையில விசேஷம் இன்னான்னா அந்த வால். உடம்பு சாம்பல், இறக்கை மங்கல் வெள்ளை, வால் முனையில மட்டும் சிவப்புப் பட்டு நூல், சின்ன மணி மாதிரி சுத்தினது. அது எனக்கு எப்படித் தோணுச்சுன்னு கேக்காதீங்க. ஒரு நாள் காலையில, ட்ரெயின் பங்காருபேட்டை தாண்டுறப்போ, கையே சிவப்பு நூலை எடுத்துச்சு. எங்கயும் பார்த்தது இல்ல, யாரும் சொன்னதும் இல்ல. அதுக்கு முந்தின ரெண்டு மூணு மாசம் ஞாயித்துக்கிழமையானா பேத்தமங்களா ஏரிக்கரையில உக்காந்து தண்ணியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். மீன் ஒண்ணும் சிக்கல. அந்த ஃப்ளையைப் போட்டதுக்கு அப்புறம் கெண்டை சும்மா வரிசை கட்டி வந்துச்சு.

ஸ்காட்லாந்துல ஒரு கம்பெனிக்குப் படம் அனுப்பினேன். உரிமை உங்க பேர்ல இருந்தா நாங்க எடுத்துக்கறோம், கேட்டலாக்குல 'உதய்ஸ் ரெட்'னு போடறோம்னு பதில் வந்துச்சு. என் பேர். எங்கப்பா தங்க மைன் மூடற வரைக்கும் ஷாஃப்ட்டுல இறங்கினவர். அங்க அவருக்கு டோக்கன் நம்பர்தான். மைன்காரன் கட்டின இந்த லைன் வீட்டுக்கும் நம்பர்தான், இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குச் சொந்தமில்ல. பெரியவங்க காலத்துலேர்ந்து எங்க குடும்பத்துல ஒருத்தர் பேரும் ஒரு பொருள் மேல இருந்ததில்ல மேடம். இந்த ஒரு ஃப்ளை மேலதான் இருக்கப் போகுது. அது எனக்கு எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குப் புரியணும், மத்ததெல்லாம் அப்புறம் தானா புரியும்.

சைலஸ் மேல எனக்குச் சந்தேகம் வந்தது சின்னச் சின்ன விஷயத்துல. நான் எட்டிப் பார்த்தா ஃப்ளை டப்பாவை மூடிடுவான். ஃபோனைக் கவுத்து வைப்பான். ஒரு நாள் இந்துகிட்ட ஃபோன்ல, பட்டு நூல் எந்தக் கடையில வாங்கறீங்கன்னு கேட்டிருக்கான். அவளும் சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கா. எதுக்குச் சிரிச்ச நீன்னு அவளைக் கேட்டேன். நூல் கடைக்கு வழி கேட்டா அழவா முடியும்னா. அன்னையிலேர்ந்து கவனிக்க மட்டும் ஆரம்பிச்சேன்.

மாலூர் பக்கம் ட்ரெயின் நின்னப்போ அவன் பாத்ரூம் போனான். டப்பாவைத் திறந்தேன். உள்ள அதே சாம்பல், அதே மங்கல் வெள்ளை, வால்ல அதே சிவப்பு மணி. ஒண்ணு ரெண்டு இல்ல, டப்பா நிறைய. அதை மூடி வச்சுட்டு, அவன் வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தேன். கோபம் எல்லாம் இல்ல.

நான் அவசரப்படுற ஆள் இல்ல மேடம். வாய்ப்பு கொடுத்தேன். இது இன்னாடான்னு நேராவே கேட்டேன். ஒளிக்கவே இல்ல. "ஏரியில எழும்புற பூச்சி மச்சான். அதைப் பார்த்து அப்படியே கட்டினேன், உனக்கு சர்ப்ரைஸா காட்டலாம்னு வச்சிருந்தேன்"ன்னான். அது என்னோட டிசைன், பேட்டண்ட் போடப் போறேன்னு சொன்னேன். சிரிச்சான். "பூச்சிக்கு பட்டா கேக்கறியா? கட்டத் தெரிஞ்சவன் எல்லாம் கட்டட்டும் மச்சான், மீன் இன்னா குறைஞ்சா போகுது. நான் எப்படிக் கட்டறதுன்னு வீடியோ எடுத்து வச்சிருக்கேன், திங்கக்கிழமை போடப் போறேன்." வீடியோ போட்டா உலகமே பார்த்த மாதிரி. அப்புறம் நீங்களே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. வேணாம்டான்னேன். கெஞ்சினேன்னே வச்சுக்கோங்க. "சும்மா இரு மச்சான்"னு முதுகுல தட்டினான்.

அந்த ஞாயித்துக்கிழமை பேத்தமங்களா போலாம்னு நான்தான் கூப்பிட்டேன். மனஸ்தாபம் எதுவும் இல்லைன்னு காட்ட, அவன் ரொம்ப நாளா ஆசைப்பட்ட, மீன் பிடிக்கறவங்க போடற ரப்பர் பேண்ட்டை வாங்கிக் கொடுத்தேன். நெஞ்சு வரைக்கும் வரும், போட்டுக்கிட்டு நனையாம தண்ணியில இறங்கலாம். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான். என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் காலை நுழைச்சான்.

கரையில உக்காந்து இன்னொரு தடவை கேட்டேன். அவன் பொறுமையாத்தான் சொன்னான். "சாயங்காலம் வரைக்கும் இரு மச்சான். வெயில் இறங்கினதும் பூச்சி எழும்பும். வால்ல செவப்பு கீது, நீயே பாரு. நீயும் அதைப் பார்த்துதான் கட்டியிருப்ப, மறந்துட்டிருப்ப. அது உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல." திருடினவன் பேச்சு அழகாத்தான் இருக்கும் மேடம். வெயில் இறங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்துச்சு. நான் காத்திருக்கலாம்னு நீங்க நினைக்கிறது உங்க முகத்துல தெரியுது. ஒரு திருடன் சொல்ற சாட்சிக்காக நான் எதுக்குக் காத்திருக்கணும்?

எங்க இறங்கினா தரை நல்லா இருக்கும்னு கேட்டான். தண்ணிக்குள்ள நிக்கற பட்டுப்போன கருவேல மரத்தைக் காட்டி, அதுக்கு வலது பக்கம் போ, கெட்டியா இருக்கும்னு சொன்னேன். கெட்டி இடது பக்கம். ஏரி வத்திக் கிடந்த வருஷங்கள்ல செங்கல் சூளைக்காரங்க வலது பக்கம் மண் எடுத்தாங்க. எங்க மாமாதான் ட்ராக்டர் ஓட்டினார், நானும் கூடப் போவேன். அந்தக் குழியில ட்ராக்டரே முங்கும்.

நான் தள்ளல. தொடக்கூட இல்ல. அவன் பாட்டுக்கு நடந்தான், நடந்த இடத்துல இல்லாமப் போனான். அப்புறம் தலை மேல வந்துச்சு. அந்த ரப்பர் பேண்ட்டுக்கு இடுப்புல இறுக்கற பெல்ட் ஒண்ணு உண்டு, உள்ள தண்ணி இறங்காம தடுக்க. பெல்ட் எங்க மச்சான்னு போடறப்போவே கேட்டான். இதுக்குக் கிடையாதுன்னு சொன்னேன். அது எங்க வீட்டு பீரோவுல இருந்துச்சு.

என்னைக் கூப்பிட்டான். என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான், திரும்பத் திரும்ப. அவ்வளவு சத்தமா என் பேரை யாரும் சொன்னதில்ல. பைக்குல சாமான் கட்டற கயிறு என் கால்கிட்டயே கிடந்துச்சு, நல்ல நீளம். அதை எடுத்திருந்தா திங்கக்கிழமை வீடியோ வந்திருக்கும்.

அவன் தூண்டில் மட்டும் மிதந்து கரைக்கு வந்துச்சு. அதுல இருந்த ஃப்ளையை அறுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். கரையில வச்சுட்டுப் போன ஃபோனையும் எடுத்து, அவன் போன பக்கமே எறிஞ்சேன். அப்புறமா ரோட்டுக்கு ஓடி ஆளுங்களைக் கூப்பிட்டேன். பதறிப் போய் ஓடினேன்னு சொல்றாங்க, அது நிஜம், மூச்சு வாங்குச்சு. போலீஸ் விபத்துன்னு எழுதிக்கிட்டாங்க. கல்லறைக்குப் பெட்டி தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். ஞாபகத்துக்கு வச்சுக்கறேன்னு ஸ்டெல்லாகிட்ட அவன் ஃப்ளை டப்பாவைக் கேட்டேன். அழுதுக்கிட்டே எடுத்துக் கொடுத்தா. அதை வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன். இறகு எரிஞ்சா முடி கருகின வாடை வரும், அதனால கொஞ்சம் சாம்பிராணியும் போட்டேன்.

போன வாரம் பீரோவுல பெல்ட் இடம் மாறியிருந்துச்சு, இந்துவோட புடவைக்கு அடியில. மறுநாளே அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு கிளம்பிட்டா. அவளும் சைலஸும் அன்னைக்கு ஃபோன்ல இன்னா பேசிக்கிட்டாங்கன்னு எனக்கு இன்னும் தெரியல, அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. உங்க கேள்விக்கு முழுசா பதில் சொல்லணுமே. அன்னைக்கு நான் ரோட்டுக்கு ஓடறதுக்கு முன்னாடி வெயில் இறங்கிடுச்சு. தண்ணி அடங்கிப் போய் கிடந்துச்சு. ஒரு பூச்சி வந்து என் மணிக்கட்டுல உக்காந்துச்சு. சாம்பல் உடம்பு, மங்கல் வெள்ளை இறக்கை. வால் முனையில சின்னதா, சிவப்பா, முட்டையோ இன்னாவோ ஒரு மணி. நான் கட்டினதை விட நல்லாவே இருந்துச்சு. அதைக் கட்டை விரலால அழுத்தினேன். விரல்ல பட்ட சிவப்பை ஏரித் தண்ணியிலயே கழுவிட்டேன். தலைக்கு மேல சலசலன்னு இறக்கைச் சத்தம் நிறையவே கேட்டுச்சு. நான் நிமிர்ந்து பார்க்கல.

பேனாவைக் கீழ வச்சுட்டீங்களே மேடம். எடுத்துக்கோங்க. இப்பவும் காலையில ஜன்னல் சீட்டுல கர்ச்சீப் போட்டு வைக்கிறேன், பழக்க தோஷம். ஊரிகத்துல யாரும் ஏறறதில்ல, யாரும் உக்காரறதும் இல்ல. முன்னாடி யாரும் இல்லைன்னே எழுதிக்கோங்க. நான் கர்ச்சீப் போட்டப்போ சீட்டு காலியாத்தான் இருந்துச்சு.