ஆறு பொம்பளைங்களுக்குச் சாப்பாடு

ஆவடியிலிருந்து வந்த ரயிலில் எதிர் சீட்டுப் பெண் தன் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்: "எங்க ஊட்ல ஆறு பொம்பளைங்க ஒண்ணா கீறாங்கக்கா. சாப்பாட்டு நேரத்துல ஒருத்தி மத்தவங்க வாலைக் கடிக்கிறா."

"வாலா?"

"ஃபைட்டர் மீனுங்கக்கா. ஆறும் பொட்டை. கறுப்பி ஒருத்தியே எல்லாத்தையும் முழுங்கிடுவா. சின்னது பட்டினியில செத்துடும்னு பயந்துட்டேன்."

"அப்புறம் இன்னா பண்ணே?"

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "தொட்டியில இந்த மூலையில கறுப்பிக்குத் தீனியை ஒவ்வொண்ணா போட்டுகினே இருப்பேன். அதே நேரத்துல அந்த மூலையில மத்ததுங்களுக்கு. சின்னதுக்கு வயிறு ரொம்பாம நகர மாட்டேன்."

"கில்லாடிடி நீ! காலைல நீ இன்னா சாப்ட்டே?"

"எனக்கு ஏதுக்கா நேரம்?"

அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தாள். இன்னும் விரிந்தே இருந்த அந்த இரண்டு கைகளிலும் கைக்கொரு இட்லி வைத்தாள்.