கொழுந்தனின் கையை உடைத்தது பற்றி

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தெட்டு. பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசராக வேலை செய்து வருகிறேன். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவரின் தம்பி, அதாவது என் கொழுந்தன், எங்களுடன் ஒரே வீட்டில் வசித்து வருகிறார். அவர் கால்நடை மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாளர். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிறு பூசைக்குக் கொழுந்தன் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, முடியும்வரை வெளியிலேயே நிற்பார்.

கணவர் வேலை செய்த இடத்தில் மயங்கி விழுந்து, மூளையில் ரத்தக் கசிவு என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, மூச்சுக்கு மெஷின் வைக்கப்பட்டார். அதன் பிறகு சிறுநீரகம் கெட்டு, நெஞ்சில் சளி கட்டி, குழாய் போட்ட தொண்டை புண்ணாகி, இனி மெஷினால் பலன் இல்லை, உடம்புக்கு வாதைதான் என்று பெரிய டாக்டர் சொல்லி என் முடிவைக் கேட்டார். நான் பங்குச் சாமியாரை வரவழைத்தேன். அவர் கணவருக்கு எண்ணெய் பூசி ஜெபித்த பிறகு என்னிடம், "மெஷினை எடுக்கிறது கொலையில்லம்மா. உடம்பு தாங்காத வைத்தியத்தை நிறுத்தலாம். ஆனா, சாகணும்னு எதையும் செய்யக் கூடாது. சாப்பாடு, தண்ணி, துடைச்சு விடுறது எல்லாம் கடைசி மூச்சு வரைக்கும் உண்டு" என்றார்.

அதன் பிறகு நான் சம்மதம் சொன்னேன். கொழுந்தன் மெஷினுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, "அண்ணி, நீங்க அண்ணனைக் கொல்றீங்க" என்று வார்டே கேட்கக் கத்தினார். காவலாளி அவரை வெளியே கூட்டிப் போன பிறகு மெஷின் எடுக்கப்பட்டது. சற்று நேரத்தில் மூச்சு அடங்கிவிடும் என்றார்கள். என் கணவர் யார் சொல்லியும் கேட்கிற ஆள் இல்லை. தானாகவே மூச்சு விட ஆரம்பித்தார்.

அதன் பிறகு அவரைத் தனி அறைக்கு மாற்றி, மூக்குக் குழாய் வழியாக ஆகாரம் கொடுக்கப்பட்டது. நானும் கொழுந்தனும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். கணவர் கண் திறக்கவில்லை. மூச்சு தொண்டையில் கரகரவென்று இழுத்துக்கொண்டே இருந்தது. கொழுந்தன் அதைக் கேட்க மாட்டாமல் காதைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் நடப்பார். ஒரு நாள் என்னிடம், "வாயில்லா ஜீவனையே நான் இப்படித் தவிக்க விட மாட்டேன் அண்ணி. அண்ணன் அதைவிடக் கேவலமாப் போயிட்டாரா?" என்றார்.

"அவரு மனுஷன்டா. போய் முகத்தைக் கழுவிட்டு வா" என்று வாயை அடைத்தேன். ஆனால் அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தச் சத்தம் நின்றால் போதும் என்று நானும் நினைத்ததுண்டு. இதையும் விடாமல் எழுதிக்கொள்ளும்படி காவலரிடம் சொன்னேன்.

சம்பவத்தன்று மதியம், பெட்பானைக் கழுவி எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பியபோது, உள்ளே நாற்காலியை அண்டக் கொடுத்துக் கதவு சாத்தியிருந்தது. தோளால் தள்ளிக்கொண்டு போனேன். கொழுந்தன் கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் கணவரின் காதை வருடிக்கொண்டு, "ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு நாய் வயதாகி எழ முடியாமல் கிடந்தபோது, இப்படிக் காதை வருடிக்கொண்டுதான் அதற்குக் கடைசி ஊசி போட்டார். வலது கையைப் பார்த்தேன். சலைன் குழாயில் ஊசி ஏறியிருந்தது.

"நிறுத்துடா" என்றேன். அவர் திரும்பவில்லை. பெட்பானால் அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். அது ஸ்டீல் பெட்பான். காலியாகத்தான் இருந்தது. இதைச் சொன்னபோது எழுதும் காவலர் சிரித்தார். ஊசி தெறித்து மருந்து தரையில் சிந்தியது. குழாயைப் பிடுங்கி எறிந்தேன். எவ்வளவு உள்ளே போனதோ என்று பதறி, கணவரின் நெஞ்சில் காதை வைத்தேன். கரகரவென்று இழுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வாய்விட்டு அழுதேன்.

அதன் பிறகு நர்சுகள் ஓடி வந்தார்கள். கொழுந்தன் தப்பிக்கப் பார்க்கவில்லை. உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "என்னால பாக்க முடியல அண்ணி" என்றார்.

"உன்னை யாரு பாக்கச் சொன்னா? கூட இருன்னுதானே சொன்னேன்" என்றேன்.

அடித்தது நான்தான். தேவைப்பட்டால் மறுபடியும் அடிப்பேன். கொழுந்தன் மேல் புகார் உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஊசி கொண்டுவந்தது குற்றம்தான், அதற்குச் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். ஆனால் படுக்கைப் புண் வராமல் கணவரை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அது ஒரு ஆளால் ஆகாது. எனக்கு வேறு துணை இல்லை, கணவருக்கு வேறு தம்பியும் இல்லை. ஆகவே கொழுந்தனின் சட்டைப் பை, பை, வண்டிப் பெட்டி எல்லாவற்றையும் நன்றாகச் சோதனை போட்டுவிட்டு, கட்டுப் போட்ட கையோடு அவரை என்னுடன் அந்த அறைக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ நான் பேசவில்லை. மேலே உள்ள அத்தனையும் நான் சொன்னது, நடந்தது, உண்மை.

(கையொப்பம்)