தயிரை உயிரோடு பொடியாக்கிய தலைமைப் பொறியாளருக்கு

உலர்த்துக்கூடத்தின் ஒளியே! ஓயாத உழைப்பே! முப்பத்திரண்டு ஆண்டுகள் பாலோடும் பம்புகளோடும் பாடுபட்டு, எங்கள் எல்லோர் வாயிலும் 'பொடியம்மா' ஆகி, இன்று பணி ஓய்வு பெறும் தலைமைப் பொறியாளர் அம்மையீர்! வணக்கம்.

அனல்காற்றில் உலர்த்திய பாலில் கருகல் வாடை வீசும். தயிரை உலர்த்தினாலோ அதன் நுண்ணுயிர்கள் மடிந்துபோகும். காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தால் கை பொறுக்கும் சூட்டிலேயே நீர் ஆவியாகிவிடும் என்று எடுத்துரைத்து, வெற்றிடக் கலன் ஒன்றை நிறுவச் செய்தீர்கள். ஆனால், உள்ளே தூவிய தயிர் தூளாகாமல் சுவரெங்கும் பசையாக அப்பியது. ஒரு முறையா, பதினோரு முறை! சுரண்டிச் சுரண்டி எங்கள் தோள்கள் கழன்றன. ஒவ்வொரு முறையும் ஏணியில் முதலில் ஏறியவர் நீங்கள்.

மேலாளர் பொறுமை இழந்தார். "இன்னும் ஒரு தடவைதாம்மா. வரலைன்னா கழட்டிடலாம்" என்றார். இருபது பேரின் வேலை அந்தக் கலனை நம்பியிருந்தது. நீங்களோ ஒரு வாளி சோப்பு நுரையை வாங்கி, இணைப்புகளில் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தீர்கள். கலனுக்குள் பார்ப்பதற்கான கண்ணாடிச் சாளரத்தின் ரப்பர் வளையத்தருகே நுரை உள்ளே இழுபட்டு மறைந்தது. மயிரிழை விரிசல்! அவ்வழியே காற்று புகுந்ததால்தான் துளிகள் காயாமல் ஒட்டியிருக்கின்றன.

வளையத்தை மாற்றி மறுநாள் காலை ஓட்டினோம். வெண்மணலெனத் தூள் சொரிந்தது. கைதட்டப் போன எங்களைத் தடுத்தீர்கள். "பொடி வந்துடுச்சு. உயிர் இருக்கான்னு பாக்கணும்ல?" என்று, ஒரு கரண்டித் தூளை வெதுவெதுப்பான பாலில் கலந்து ஆய்வகத் தங்கையிடம் கொடுத்தீர்கள். பிற்பகல் வரை யாருக்கும் வேலை ஓடவில்லை. அவர் கிண்ணத்தோடு வந்து, அதைச் சாய்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"உறைஞ்சிடுச்சுக்கா" என்றார்.

எதற்கும் கலங்காத நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுததை அன்று கண்டோம்; நாங்களும் அழுதோம்.

இன்று அந்தத் தூள், குளிர்பெட்டி இல்லாத மலைமுகாம்களிலும் தயிராகத் தோய்கிறது. கலன்கள் இரண்டாயின, எண்பது குடும்பங்கள் தழைக்கின்றன. தேநீர் வேளையிலும் வால்வுகளைப் பற்றியே பேசிய குற்றத்தை மட்டும் மன்னித்துவிட்டோம்.

உங்கள் கணவரிடமும் மகளிடமும் உங்களைப் பத்திரமாக ஒப்படைக்கிறோம். நோயின்றி, நூறாண்டு கடந்து, நிறைவோடு வாழ்க! வீட்டுக்குக் கிளம்புமுன் ஒரே ஒரு வேலை பாக்கி. மூன்றாம் கலன் ஆயத்தமாக நிற்கிறது. இம்மடலை வாசித்து முடித்ததும் எங்களோடு வந்து, அதை முதன்முதலாக நீங்களே ஓட்டித் தாருங்கள்.

அன்பும் நன்றியும் மாறாத,
உலர்த்துக்கூடப் பணியாளர்கள்