எம்எல்ஏ வயலுக்கு அடைத்த மடை

உத்தரகோசமங்கையில் ஏறியவர் சேறு காயாத மண்வெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சொன்னார்:

“நேத்து எம்எல்ஏ வயலுக்குப் போற தண்ணிய அடைச்சுட்டேன், மாமா.”

பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தோம்.

“ஏலே, ஒன் வேலைக்கு நீயே வேட்டு வச்சுக்கிட்டியா?”

“கண்மாய்த் தண்ணிய முறை வச்சுப் பாய்ச்சத்தான ஊரு என்னைய வச்சிருக்கு? அவரு முறை முடிஞ்சுச்சு, அடைச்சேன். எம்எல்ஏ ஆகுறதுக்கு முன்னாடி அவரும் முறைக்குக் காத்துக் கெடந்த சம்சாரிதான்.”

“போன் கீன் வந்துச்சா?”

“வந்துச்சு. கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேந்துருச்சான்னு கேட்டாரு.”

“அது யாரு வயலு?”

“தேர்தல்ல அவர்ட்ட தோத்தவரு வயலு.”

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“தோத்தவருக்குத்தான்டா நான் ஓட்டுப் போட்டேன். அடுத்த தடவ அந்தாளே இவருக்குத்தான் போடுவாரு.”