கட்டம் போட்ட அட்டை

— அந்தக் கட்டம் போட்ட அட்டையில கோடெல்லாம் நேராத்தானே தெரிஞ்சுது ஐயா? இன்னொரு தரம் கேக்கச் சொன்னாரு டாக்டர்.

— நூல் புடிச்ச மாதிரி இருந்துச்சு சிஸ்டர்.

— நடுவுல நெளியலையே?

— டைல்ஸ் ஒட்டுறவன்கிட்டயே கோட்டைப் பத்திக் கேக்குறீங்களே!

— கோச்சுக்காதீங்க. கண்ணுல புரை அடர்த்தியா இருக்கு, ஸ்கேன்ல விழித்திரை தெளிவா விழல. கோடு நெளிஞ்சா திரையில பழுதுன்னு அர்த்தம். நீங்க சொல்றதையும் வெச்சுத்தான் எந்த லென்ஸுன்னு முடிவு பண்ணணும், புரியுதுங்களா?

— இவருக்குக் கிட்டயும் தூரமும் தெரியுற லென்ஸே வெச்சிடுங்க சிஸ்டர். கண்ணாடி குடுத்தா அது மேலயே உக்காந்துடுவாரு. இதுவரைக்கும் மூணு.

— நீ சும்மா இருடி.

— விழித்திரை நல்லா இருந்தா வெக்கலாம்மா. பழுது இருந்தா கூடாது. அந்த லென்ஸு வெளிச்சத்தைப் பங்கு போட்டு அனுப்பும். பழுதான திரைக்கு அது பத்தாது, எல்லாம் மங்கிடும். அவங்களுக்குச் சாதா லென்ஸ்தான், மேல ஒரு கண்ணாடி.

— சரிப்படலைன்னா கழட்டிட்டு வேற மாட்டலாம்ல?

— ஒட்டுன டைல்ஸைப் பேத்தா என்ன ஆகும் ஐயா?

— பூச்சும் சேந்து வரும்.

— அதேதான். சரி, டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்.

— என்னங்க, கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?

— ஏசி.

— ஏசி ஓடவே இல்லையே.

— ஓடப் போகுதோன்னு பயம்.

— உங்களுக்கு உள்ளுக்குள்ள நடுங்கினாத்தான் வாயி இப்படிப் பேசும். கல்யாணத்தன்னைக்கும் இதே கதைதான்.

— பக்கத்துத் தெரு பெயிண்டருக்கு விழித்திரை பழுதுன்னதும், ஆபரேஷனே பிரயோஜனமில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப அவன் பொண்டாட்டிதான் அவன் கையைப் புடிச்சுத் தட்டுல வெக்கிறா.

— அவரு கதை நமக்கெதுக்கு? உங்களுக்குத்தான் கோடெல்லாம் நேரா இருக்கே.

— ம்.

— அது என்ன, ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டுத் தரையை முறைக்கிறீங்க?

— கதவுலேந்து வருது பாரு ஒரு வரிசை. நடுவுல வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது.

— ஆரம்பிச்சாச்சா! போற இடமெல்லாம் அடுத்தவன் வேலையில குத்தம் கண்டுபுடிக்கணும். எனக்கு நேராத்தான் தெரியுது.

— நல்லாப் பாருடி.

— பாத்துட்டேன். நூல் புடிச்ச மாதிரி இருக்கு. நம்பிக்கை இல்லைன்னா இதை ஒட்டினவனையே கூப்பிட்டுக் கேளுங்க.

— நீ ஓடிப்போய் அந்த சிஸ்டரை நிறுத்து. அட்டையும் இப்படித்தான் வளைஞ்சுது, நான்தான் நேருன்னு பொய் சொல்லிட்டேன்... இந்தத் தரையை ஒட்டினவன் நான்தான்டி.